அம்மாவின் போனில் எந்த மருத்துவ ஆப்? ராமநாதபுரம் கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்பிளே மாற்ற, சார்ஜிங் பின் மாற்ற ஆட்கள் வருவது எப்போதும் உள்ளதுதான். கொஞ்ச வருஷமாக இன்னொரு கூட்டமும் வருகிறது. "தம்பி, இதுல எம்மவன் என்னமோ ஏத்திவிட்டுப் போயிட்டான். நாள் முழுக்கக் கத்திக்கிட்டே கெடக்கு. நிப்பாட்டிக் குடுய்யா" என்று போனை நீட்டும் வயதானவர்கள். வாங்கிப் பார்த்தால் மாத்திரையை நினைவூட்டும் ஆப்பாக இருக்கும்.

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. அம்மா முப்பது வருஷம் தீவுப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போனவர். சுகரும் பிரஷரும் இருக்கிறது. அவர் போனில் ஒரு மாத்திரை ஆப் போட்டு, எடுத்தாரா இல்லையா என்று என் போனிலேயே பார்க்கிற மாதிரி அமைத்தேன். இரண்டு மாதம் எல்லாக் கட்டமும் பச்சையாகவே இருந்தது. நிம்மதியாக இருந்தேன். சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தபோது சாப்பிடாமல் பார்த்த சுகர் 290. வீட்டுக்கு வந்து தேடினால், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அப்படியே கிடந்தன. "அது கத்துச்சு, நான் அமத்துனேன். மாத்திரையப் போடுன்னு அது சொல்லலையே" என்றார் அம்மா. திரையில் தமிழில் எழுதித்தான் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவரால் அதைப் படிக்க முடியாது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஆப்புக்குத் தெரிவது பொத்தானை அமுக்கியது மட்டும். மாத்திரை தொண்டைக்குள் இறங்கியதா என்பது அதற்குத் தெரியாது. அதனால் இந்த வழிகாட்டியில் ஆப்பின் பெயரை முதலில் சொல்லப் போவதில்லை. வீட்டில் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒரு வெள்ளைத் தாள்

போனை எடுக்கும் முன்னால், வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பாயில் கொட்டுங்கள். அலமாரி, சாமிப்படத்துக்குப் பின்னால், கைப்பை, முந்தானை முடிச்சு, ஒன்றையும் விடாதீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும் அளவையும் தாளில் எழுதுங்கள்.

கடைப்பெயரைவிட மருந்துப்பெயர் முக்கியம். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும்: மெட்ஃபார்மின் 500, ஆம்லோடிபின் 5, இப்படி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் நம் தெருவுக்கே வருகின்றன. பெரிய வசதி அது. ஆனால் அதே அம்மா ராமநாதபுரத்தில் தனியார் டாக்டரையும் பார்த்திருப்பார். அவர் எழுதிய மாத்திரை வேறு பெயரில், வேறு நிறத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கலாம். அம்மா இரண்டையும் போடுவார், பிறகு கால் வீங்குகிறது, தலை சுற்றுகிறது என்பார். இப்படி இரட்டையாக ஓடும் மருந்தைக் கண்டுபிடிக்க இந்தத் தாள் ஒன்றே போதும். கண்டுபிடித்தால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தாளை டாக்டரிடம் காட்டுங்கள், எதை நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும்.

தாளின் கீழே மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இதுவரை என்ன ஆபரேஷன் நடந்தது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும். பிறகு இவருக்கு உண்மையில் தொந்தரவு எது என்று யோசியுங்கள். மாத்திரை மறக்கிறாரா? பிரஷர் ஏறி இறங்குகிறதா? தனியாக இருக்கிறாரா? டாக்டரிடம் போக பஸ் ஏற முடியவில்லையா? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் அந்த ஒன்றுக்கு மட்டும்தான் ஆப். கடைக்கு வரும் போன்களில் ஆறேழு ஹெல்த் ஆப் பார்க்கிறேன், ஒன்றைக்கூடத் திறந்த சுவடு இருக்காது.

போனை அவர் கைக்குத் தக்கபடி மாற்றுவது

எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது எல்லாருக்கும் தெரியும். அமைப்புகளில் டிஸ்பிளே பகுதியில் எழுத்து அளவு, டிஸ்பிளே அளவு என இரண்டு தனித்தனியாக இருக்கும், இரண்டையும் ஏற்றுங்கள். மொழியைத் தமிழாக்குங்கள். ஆனால் அவர் ஏற்கெனவே பச்சை ஐகான், நீல ஐகான் என்று அடையாளம் வைத்துப் பழகியவர் என்றால், ஐகான்களின் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

நம் கடலோரத்தில் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பாசி எடுத்த பெண்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். பாறையில் கிழிபடாமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு போவார்கள். அப்படியும் விரல் நுனி காய்த்துத் தடித்துப்போகும். கயிறும் வலையும் இழுத்த ஆண்களின் கையும் அப்படித்தான். அந்த விரல் ஸ்கிரீனில் பட்டால் போனுக்குத் தெரிவதில்லை. அவர்களோ போன் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் அழுத்திக் குத்துகிறார்கள். பல போன்களில் தொடு உணர்திறனைக் கூட்டும் வசதி டிஸ்பிளே அமைப்பில் இருக்கிறது. அதை ஆன் செய்யுங்கள். தடித்த டெம்பர் கிளாஸ் ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டு மெல்லியதாகப் போடுங்கள். விரல் நுனிக்குப் பதிலாக விரலின் பக்கவாட்டுச் சதையால் தொடச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

கைரேகை லாக் இவர்களுக்கு ஒத்துவராது. ரேகை தேய்ந்திருக்கும். நாலு இலக்க எண் வைத்துக் கொடுங்கள், அவருக்கு மறக்கவே மறக்காத எண்ணாக. பிறந்த வருஷம் வேண்டாம், அதை யாரும் ஊகித்துவிடுவார்கள்.

அடுத்தது, பலரும் தடுக்கி விழும் இடம். ஆப் போட்டாயிற்று, நேரமும் வைத்தாயிற்று, ஆனால் இரண்டு நாளில் சத்தம் வருவதில்லை. நான்கு இடத்தைப் பாருங்கள். ஒன்று, ஆப்பை முதலில் திறக்கும்போது அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்கும், பயத்தில் 'வேண்டாம்' அமுக்கியிருப்பார்கள். இரண்டு, 'அலாரங்கள் மற்றும் நினைவூட்டல்கள்' என்ற தனி அனுமதி புதிய ஆண்ட்ராய்டில் உண்டு. மூன்று, பேட்டரி சேமிப்பு. சில போன்கள் பின்னால் ஓடும் ஆப்பைத் தாமாகவே மூடிவிடும், அந்த ஆப்புக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை' என்று மாற்ற வேண்டும். நான்கு, பயன்படுத்தாத ஆப்பின் அனுமதியை நீக்கும் சுவிட்ச், அதை ஆஃப் செய்யுங்கள். நான்கையும் பார்த்த பிறகு ஐந்து நிமிஷம் தள்ளி ஒரு சோதனை நேரம் வைத்து, ஸ்கிரீனை அணைத்துவிட்டுக் காத்திருந்து பாருங்கள். அலறினால்தான் வேலை முடிந்தது.

மாத்திரை நினைவூட்டல்: நேரத்தைக் கடிகாரத்தில் தேடாதீர்கள்

ஆப் பக்கம் போவதற்கு முன் போனிலேயே இருக்கும் அலாரத்தை யோசியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, மூன்று மாத்திரை என்றால் அதுவே தாராளம். இணையம் வேண்டாம், பதிவு வேண்டாம், யாருக்கும் எந்தத் தகவலும் போகாது. ஐந்தாறு மருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது, இன்சுலின் என்று கூடினால் மெடிசேஃப் போன்ற ஆப் உதவும். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு, எடுக்கவில்லை என்று அதில் தகவல் போகும்படி செய்யலாம்.

எதுவானாலும் ஒரு காரியம் செய்யுங்கள். அலாரத்துக்கு உங்கள் குரலையே வையுங்கள். ரெக்கார்டரில் பேசிப் பதிந்து, அந்தக் கோப்பை அலாரச் சத்தமாகத் தேர்ந்தெடுத்தால் போதும். என் அம்மா போனில் இப்போது ஒலிப்பது இதுதான்: "அம்மா, கஞ்சி குடிச்சாச்சா? நீல டப்பாவுல காலைக் கட்டத்தத் தொறந்து மாத்திரையப் போடும்மா. போட்டுட்டு அமத்து." மணிச் சத்தத்தை அணைத்த கை, மகன் குரலுக்கு எழுந்து டப்பாவிடம் போனது. பச்சைக் கட்டம் சாதிக்காததை இது சாதித்தது. வாரத்துக்கு ஏழு கட்டம், வேளைக்கு ஒரு அறை என்று பிரித்த பிளாஸ்டிக் மாத்திரை டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வைத்தால், காலியான கட்டம் பொய் சொல்லாது.

நேரம் வைக்கும்போது அவருடைய நாளைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாசிக்குப் போகிறவர் காலை எட்டு மணிக்குக் கழுத்தளவுத் தண்ணீரில் இருப்பார், போன் வீட்டில் கிடந்து கத்தும். அந்த நாட்களுக்குத் தனி அலாரம் வேண்டும். ஏலத்துக்குப் போகிறவர், கருவாடு காயப்போடுகிறவர், பள்ளிக்கூடப் பேரப்பிள்ளைக்குச் சோறு கட்டுகிறவர், ஒவ்வொருவருக்கும் ஒரு காலை இருக்கிறது. சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரையைச் சாப்பாட்டோடு கட்டிவிடுங்கள். சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதமானால், குறிப்பாக கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு வகையும் இன்சுலினும் எடுப்பவர்களுக்கு, சுகர் இறங்கிவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் ரமலான் மாதத்தில் வாப்பாவும் உம்மாவும் நோன்பு வைக்கும்போது பழைய அலாரத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். நோன்புக்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் போய் சஹருக்கு (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டுக்கு) எது, நோன்பு திறந்தபின் எது, அளவு என்ன என்று எழுதி வாங்கி, அதன்படி நேரத்தை மாற்றுங்கள். விரலில் குத்திச் சுகர் பார்த்தால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள், உங்கள் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்பில் இருக்கும்போது சுகர் 70-க்குக் கீழே போனாலோ, 300-க்கு மேலே ஏறினாலோ நோன்பை நிறுத்த வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது.

இன்னொரு எச்சரிக்கை. சென்னையில் இருக்கும் மகள் ஒரு ஆப், இங்கே இருக்கும் மகன் ஒரு ஆப் என்று வைக்கவே கூடாது. இரண்டு முறை ஒலித்தால் இரண்டு முறை போட்டுவிடுவார்கள். யார் வைப்பது என்று வீட்டில் ஒருவரை முடிவு செய்யுங்கள்.

பிரஷரும் சுகரும்: அளப்பது கருவி, எழுதுவது போன்

போன் கேமராவில் விரலை வைத்தால் பிரஷர் காட்டும் என்று சில ஆப் சொல்கின்றன. நம்பாதீர்கள். கேமரா நாடித்துடிப்பை ஓரளவு எண்ணும், ரத்த அழுத்தத்துக்குக் கையில் பட்டை கட்டி அளப்பதுதான் சரி. ரத்தம் எடுக்காமலே சுகர் காட்டும் என்று விற்கும் வாட்ச், மோதிரத்தையும் வாங்காதீர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் இவற்றைப் பற்றி மக்களுக்கு எச்சரிக்கையே விடுத்தது. தப்பான எண்ணைப் பார்த்து இன்சுலின் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

பிரஷர் பார்க்க, மேல்கையில் கட்டும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். அரைமணி நேரம் முன்னால் டீ, காபி, பீடி, வெற்றிலை-புகையிலை கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்து, இரண்டு காலும் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார வேண்டும். கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது எங்கள் வீட்டு வழக்கம். அது கூடாது, பிளாஸ்டிக் நாற்காலி போதும். கை நெஞ்சு மட்டத்தில் ஒரு தலையணை மேல் இருக்கட்டும். பட்டையைத் துணிமேல் கட்டக் கூடாது. ஜாக்கெட் கையை இறுக்கமாகச் சுருட்டி ஏற்றினாலும் அளவு மாறும், அன்றைக்குத் தளர்ந்த நைட்டி போட்டுக்கொள்வது நல்லது. ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். வீட்டில் எடுக்கும் அளவு தொடர்ந்து 135/85-க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒருநாள் ஏறியதற்காக மாத்திரையைக் கூட்டக் கூடாது. 180/120-க்கு மேல் வந்தால் ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவமனை. நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ, பேச்சுக் குழறலோ கூட இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் உடனே 108.

சுகர் கருவிக்கு வருவோம். கடற்காற்றில் ஈரம் அதிகம், ஸ்டிரிப் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் அளவு தப்பாக வரும். ஒன்றை எடுத்த உடனே மூடுங்கள். குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். கருப்பட்டி தொட்ட விரலில் எடுத்த ரத்தம் சுகரைக் கூட்டிக் காட்டும். காய்த்த விரலில் நுனியில் குத்தினால் ரத்தம் வராது. ஊசிப் பேனாவில் ஆழத்தை ஒரு எண் கூட்டி, விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். மோதிர விரலில் காய்ப்பு பொதுவாகக் குறைவு.

70-க்குக் கீழே காட்டினால், அல்லது வேர்த்து, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியபின் கொஞ்சம் சோறோ இட்லியோ சாப்பிட வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

எழுதி வைக்க எந்த ஆப்? புளூடூத் உள்ள பிரஷர் கருவி என்றால் அதன் நிறுவன ஆப்பே எண்ணை இழுத்துக்கொள்ளும். சாதாரணக் கருவி என்றால் எனக்குப் பிடித்த வழி இது: அம்மா கருவியின் திரையைப் போட்டோ எடுத்து, அவரும் பிள்ளைகளும் மட்டும் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். தட்டச்சு வேண்டாம், எண் மாறாது, தேதியும் நேரமும் தானாக நிற்கிறது. மாதக் கடைசியில் என் தங்கச்சி அதைப் பார்த்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறாள். சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவு நர்ஸ் அக்காவுக்கு அந்த நோட்டுதான் வசதி. முப்பது பேர் வரிசையில் நிற்கும்போது அவர் உங்கள் போனைத் தள்ளித் தள்ளிப் பார்க்க முடியாது.

அடி எண்ணும் ஆப்களை மட்டும் நான் பரிந்துரைப்பதில்லை. நம் பெண்கள் போனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பதில்லை. போன் கட்டிலில் கிடக்கும், அம்மா கடற்கரை வரை போய்த் திரும்பியிருப்பார், ஆப் நூறு அடி என்று காட்டும். அதைப் பார்த்து மனசு விட்டுப்போகிறது.

டாக்டரைப் போனில் பார்ப்பது

இ-சஞ்சீவனி மத்திய அரசின் இலவச ஆன்லைன் மருத்துவ ஆலோசனை. ஆப்பைப் போட்டு, போன் எண்ணைக் கொடுத்து, வரும் ஓ.டி.பி.யைப் போட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். மாநிலம் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து, நோயாளி விவரம் கொடுத்தால் டோக்கன் வரும், முறை வரும்போது வீடியோவில் டாக்டர் பேசுவார். மருந்துச் சீட்டு போனிலேயே வந்துவிடும். பேசும்போது வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காரவைத்து, முன்பு எழுதிய தாளையும் நோட்டையும் பக்கத்தில் வையுங்கள். அம்மாவைப் பேசவிடுங்கள். பிள்ளைகள் குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் நாமே சொல்லிவிடுவது பெரிய தவறு.

இது எதற்கு நல்லது? மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, டெஸ்ட் ரிசல்ட்டைக் காட்ட வேண்டும், சளி, தோல் அரிப்பு, இவற்றுக்கு. நெஞ்சுவலிக்கோ, விழுந்து இடுப்பு வலிப்பதற்கோ இதில் டோக்கன் போட்டுக் காத்திருக்காதீர்கள். ஆப் கைவராதவர்களுக்கு 104 இருக்கிறது. சாதாரண பட்டன் போனிலிருந்தே கூப்பிட்டு உடல்நலச் சந்தேகம் கேட்கலாம். மனசு சரியில்லை, தூக்கமில்லை, தனிமை வாட்டுகிறது என்றால் 14416. மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567. இந்த மூன்றையும் எந்த ஆப்புக்கும் முன்னால் போனில் பதிந்து கொடுங்கள்.

ஆபா எண்ணும் ஓ.டி.பி. தொல்லையும்

ஆபா என்பது 14 இலக்க சுகாதார அடையாள எண். பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க உதவும். ஆதார் வழியாக எடுப்பது சுலபம், ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். அம்மாவின் ஆதாரில் பதிந்திருப்பது மகனின் எண், மகனோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். அந்த சிம் எப்போதோ போய்விட்டிருக்கும், ஓ.டி.பி. எங்கே போகும்? முதலில் ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துப்போய் அம்மா கையில் இருக்கும் எண்ணையே பதியுங்கள். ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பினால் கருவிழி வழியாகச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வேலை முடிந்தால் வங்கி, பென்ஷன், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு என்று பல கதவு திறக்கும். காப்பீட்டு அட்டையைப் போட்டோ எடுத்து அம்மா போனிலும் உங்கள் போனிலும் வையுங்கள். அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு.

அவசர நேரத்துக்கான ஏற்பாடு

அமைப்புகளில் 'பாதுகாப்பு மற்றும் அவசரநிலை' என்ற பகுதியில் மருத்துவத் தகவலைப் பதியலாம்: ரத்த வகை, நோய், மாத்திரைகள், ஒவ்வாமை, கூப்பிட வேண்டிய எண். லாக் ஆன ஸ்கிரீனிலேயே மற்றவர்கள் இதைப் பார்க்கும்படி அனுமதி கொடுங்கள். ராமேஸ்வரம் கோயில் கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு அதுதான் வழி. பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அமுக்கினால் அவசர அழைப்பு போகும் வசதி பல போன்களில் இருக்கிறது. வயதானவர் கை நடுங்கித் தெரியாமல் அமுக்கவும் வாய்ப்புண்டு, அதனால் ஒருமுறை செய்து காட்டி, வேண்டுமா வேண்டாமா என்று அவரையே கேளுங்கள்.

முகப்புத் திரையில் பிள்ளைகளின் படத்தோடு நேரடி டயல் ஐகான்கள் வையுங்கள். பெயர் படிக்கத் தேவையில்லை, முகத்தைத் தொட்டால் போதும்.

தனுஷ்கோடி, ராமேஸ்வரத்தின் கிழக்குக் கரைப் பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும். நாம் கூப்பிட்டால் போகாது, பணம் வேறு பறிபோகும். ரோமிங்கை ஆஃப் செய்து, நெட்வொர்க் தானாகத் தேர்வதை நிறுத்திவிட்டு உங்கள் சிம் நிறுவனத்தையே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

பக்கவாதத்துக்கு மூன்று அடையாளம் சொல்லிக் கொடுங்கள்: முகம் ஒருபக்கம் கோணுவது, கையைத் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குவது, பேச்சு குழறுவது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், ஊரில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைப் போனில் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். டாக்டர் முதலில் கேட்கப் போவது அந்த நேரத்தைத்தான்.

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் கரண்ட் போகும், டவர் போகும். அந்த வெள்ளைத் தாளின் ஒரு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். ஐப்பசி தொடங்கும் முன் ஒரு பவர் பேங்கும், பத்து நாளுக்கான கூடுதல் மாத்திரையும் வீட்டில் இருக்கட்டும்.

ஏமாறாமல் இருக்க

வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப்பை ஏற்றும் கோப்பு) எந்தக் காரணத்துக்கும் அமுக்கக் கூடாது. "உங்க மருத்துவக் கார்டு ரெடி, இதை இன்ஸ்டால் பண்ணுங்க" என்றுதான் வரும். ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் போடுங்கள், கீழே வெளியிட்டவர் பெயரைப் பாருங்கள். மாத்திரை நினைவூட்டும் ஆப்புக்கு உங்கள் எஸ்.எம்.எஸ். எதற்கு? போன்புத்தகம் எதற்கு? கேட்டால் நீக்கிவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் திட்டுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள், அதனால் திட்டாதீர்கள்.

மாத்திரை அளவைக் கூட்டு, குறை என்று எந்த ஆப் சொன்னாலும், கேள்விக்குப் பதில் சொல்லும் எந்த இயந்திரம் சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

சொல்லிக் கொடுக்கும் விதம்

போனை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். இதுதான் நான் கடையில் கற்ற பெரிய பாடம். "இங்க குடுங்க" என்று பிடுங்கி நாம் பத்து வினாடியில் முடித்துவிட்டால் அவர் ஒன்றும் கற்கவில்லை. அவர் விரல் தப்பான இடத்துக்குப் போனாலும் போகட்டும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியம், மூன்று நாள் அதையே செய்யட்டும். முதல் வாரம் அலாரத்தை அணைப்பது மட்டும். இரண்டாம் வாரம் போட்டோ எடுத்து அனுப்புவது. பிள்ளைகள் பதிலுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினால் போதும், மறுநாள் போட்டோ தவறாமல் வரும். யாரும் பார்க்காத எண்ணை எவ்வளவு நாள்தான் ஒருவர் அனுப்பிக்கொண்டிருப்பார்?

இதையெல்லாம் அமைக்க நம் ஊருக்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிற என் தம்பி அப்போதுதான் சேர்ந்தாற்போல வீட்டில் இருப்பான். முதல் வாரத்திலேயே பாயை விரித்து மாத்திரை அட்டைகளைக் கொட்டுகிறோம். பழைய தாளோடு ஒப்பிட்டுப் புதுத் தாள் எழுதுகிறோம். அலாரக் குரலைத் திரும்பப் பதிகிறோம். இந்த வருஷம் அம்மா என் குரல் வேண்டாம், பேத்தி குரல் வேண்டும் என்றார். பதினோரு வயசுப் பிள்ளை போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, "அப்பத்தா, நீல டப்பா" என்று கத்தியது பதிவாகியிருக்கிறது. காலை ஏழரைக்கு அதுதான் ஒலிக்கிறது.